சிவப்பு எழுத்தில் ‘தகுதியில்லை’: பள்ளி மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மை மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் நான். முன்பு தடித்த அட்டை போட்ட பேரேடு, இப்போது உங்கள் திரை. பேரேடு திரும்பி வரட்டும் என்று கேட்கிற ஆள் நான் அல்ல. மாற்றுச் சான்றிதழ் அச்சாகி வரும் வேகத்துக்காகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். என் சண்டையெல்லாம் ‘தகுதி விதிகள்’ என்ற ஒரே ஒரு பக்கத்தோடுதான்.

2024 ஏப்ரலில் ஓர் அம்மா எல்.கே.ஜி. சேர்க்கைக்கு வந்தார். பிறப்புச் சான்றிதழைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். குழந்தை பிறந்த நாள் 31.7.2021. தட்டினேன். சிவப்பு எழுத்தில் ‘தகுதியில்லை’ என்று வந்தது. “என்ன குறை சார்?” என்று அவர் கேட்டார். எனக்கே தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு? திரையில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை.

மதியம் உட்கார்ந்து தோண்டிப் பார்த்தேன். உங்கள் மென்பொருள் குழந்தையின் வயதைப் படிவம் நிரப்பும் நாளை வைத்துக் கணக்கிட்டிருந்தது. எல்.கே.ஜி.க்கு நாங்கள் பார்ப்பது ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்திருக்கிறதா என்பதை. ஏப்ரலில் கணக்குப் போட்டால் மே, ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் வெளியே நிற்பார்கள். கணக்கு நாளை மாற்றிவிட்டுத் திரும்பவும் தட்டினேன். மறுபடியும் சிவப்பு. இந்த முறை விதி ‘ஜூலை 31க்கு முன்’ பிறந்தவர்களைக் கேட்டது. ‘ஜூலை 31 வரை’ என்று இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு குழந்தைக்கு ஓராண்டு போயிருக்கும்.

பழியை முழுவதும் உங்கள் தலையில் கட்டவில்லை. அடுத்த தவறு என்னுடையது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிவடைந்த, சிறப்புப் பிரிவுக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்களுக்கு விண்ணப்பிப்பது அரசின் இணையதளத்தில்தான் என்றாலும், பெற்றோர் முதலில் வந்து விசாரிப்பது எங்கள் சன்னலில். அவர்களுக்குப் பதில் சொல்ல வசதியாக உங்கள் மென்பொருளிலேயே ஒரு முன்சோதனை விதி எழுதினேன். வீடு ஒரு கிலோமீட்டருக்குள், ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள், சிறப்புப் பிரிவு என ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அவற்றை இணைக்கும் சொல் தானாகவே ‘மற்றும்’ என்று விழுந்ததை நான் கவனிக்கவில்லை. சாம்பல் நிறத்தில், கடுகளவு எழுத்தில் இருந்தது. வருமான வரம்பு நலிவடைந்த பிரிவினருக்கு மட்டும்தான். சிறப்புப் பிரிவில் வரும் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் ஆதரவற்ற குழந்தைக்கும் அது கிடையாது. வருமானத்துக்கும் சிறப்புப் பிரிவுக்கும் நடுவே வர வேண்டிய சொல் ‘அல்லது’. செவித்திறன் குறைந்த ஒரு சிறுமியின் அப்பாவை வருமானச் சான்றிதழுக்காக நான் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன். அவர் இரண்டு நாள் கூலியை இழந்து வாங்கி வந்த அந்தக் காகிதத்தை யாரும் கேட்கவே இல்லை.

ஆகவே விதியை எழுதி முடித்ததும் அதை ஒரு தமிழ் வாக்கியமாகத் திரையில் காட்டுங்கள். “வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதோடு, சிறப்புப் பிரிவாகவோ இரண்டு லட்சத்துக்குள் வருமானம் உள்ளவராகவோ இருக்க வேண்டும்” என்று வாசித்திருந்தால் நானே சுதாரித்திருப்பேன். அடைப்புக்குறிகளைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கட்டாயக் கட்டங்களைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. உங்கள் சிவப்பு நட்சத்திரம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஒன்பதைப் பன்னிரண்டு முறை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். நீங்கள் சேகரிக்கும் தரவு இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை, உங்கள் மென்பொருளுக்கு நேற்று என்பதே இல்லாதது. 2013இல் கல்வி உரிமை ஒதுக்கீட்டில் எங்களிடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண், 2021இல் எட்டாம் வகுப்பை முடித்தாள். அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டணம் கட்ட வழியில்லாமல் அரசுப் பள்ளிக்குப் போனாள். 2025இல் கல்லூரியில் சேரும்போது, ஒதுக்கீட்டில் படித்ததற்குச் சான்று கேட்டு வந்து நின்றாள். இப்படி எட்டு வரை தனியார் பள்ளியில் ஒதுக்கீட்டில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் கல்லூரி மாணவிகளுக்கு அரசு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டிலும் இடம் உண்டு.

அவள் பக்கத்தைத் திறந்தேன். பிரிவு: ‘பொது’. வகுப்பு உயர்வு போட்ட இரவில், சலுகை முடிந்தது என்று மென்பொருளே மாற்றி எழுதியிருக்கிறது. எட்டு ஆண்டுக் கதையின் மேல் ஒரே சொல்லால் வெள்ளையடித்தாயிற்று. கட்டணத்தை ஈடுகேட்டு ஆண்டுதோறும் அரசுக்கு அனுப்பிய பட்டியல்களின் நகல்கள் பரணில் கிடந்தன. கரையான் அரித்தது போக மிச்சமிருந்தவற்றில் அவள் பெயர் இருந்ததால் பிழைத்தோம். தலைமையாசிரியர் அன்று மாலையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாணவருக்கு ஒரு பிரிவு என்று வைக்காதீர்கள். ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் தனித்தனியாக வையுங்கள். பழைய வரியை அழிக்க யாருக்கும் அனுமதி வேண்டாம், எனக்கும் வேண்டாம். ‘தகுதியில்லை’ என்று காட்டினால் எந்த விதியில், எந்த விவரத்தால் என்று அதன் கீழேயே சொல்லுங்கள். விதியை மீறிச் சேர்க்கத் தலைமையாசிரியருக்கு ஒரு வழி கொடுங்கள். யார், என்று, எதற்காக மீறினார் என்பது பதிவாகட்டும். சென்ற ஆண்டின் விதி சென்ற ஆண்டின் பிள்ளைகளோடு இருக்கட்டும், புது விதி வந்து அவர்களைத் தொட வேண்டாம்.

அடுத்த பதிப்பை எங்களுக்கு அனுப்பும் முன் ஜூலை 31, ஆகஸ்ட் 1, பிப்ரவரி 29 ஆகிய நாள்களில் பிறந்த மூன்று குழந்தைகளைப் பொய்ப்பெயரில் சேர்த்துப் பாருங்கள். ஒதுக்கீட்டில் வந்த ஒரு பிள்ளையை எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்கு ஏற்றிவிட்டு, அவள் ஐந்தாம் வகுப்பில் எந்தப் பிரிவில் இருந்தாள் என்று கேட்டுப் பாருங்கள். சேர்க்கை ஏப்ரலில் தொடங்குகிறது. மார்ச்சுக்குள் வந்தால் எங்களுக்கும் பழக நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
சேர்க்கைச் சன்னலுக்கு உள்ளே இருக்கும் ஓர் எழுத்தர்