பழைய கணினியைக் காயலான் கடைக்குத் தள்ளும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். அப்பா காலத்தில் ரெமிங்டன் இயந்திரங்களோடு தொடங்கியது. இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை முடித்துக் குரூப் 4ல் தட்டச்சர் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று விடியற்காலையிலேயே சைக்கிளில் வந்து நிற்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். முன்னறையில் கணினிகளை வைத்து மனு, வாடகை ஒப்பந்தம், சுயவிவரம் அடித்துக் கொடுக்கிறேன். அங்கே வருகிறவர்கள் சில காலமாக ஒரே கவலையைச் சொல்கிறார்கள். ‘விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இந்தப் பெட்டி இனி உதவாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று பழுதுபார்க்கப் போன இடத்தில் கைவிரித்துவிடுகிறார்களாம். இது பாதி உண்மை. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸுக்குப் பதில், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றி அதே பெட்டியை ஓட்டலாம் என்ற மீதிப் பாதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்றோடு நின்றுவிட்டன. பதிவு செய்துகொள்கிற வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு அறிவித்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் அனேகமாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017ல். அதற்கு முன் வாங்கிய கணினி எத்தனை நன்றாக ஓடினாலும் அதற்கு அனுமதி இல்லை. நம் ஊர் வீடுகளிலும் கடைகளிலும் இருப்பதில் பெரும்பகுதி அந்தக் காலத்துக் கணினிகள்தான்.

கைலித் தறி வைத்திருக்கும் குடும்பத்து அம்மா ஒருவர் தன் மகளின் கணினியைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் எடுத்து வந்தார். நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம். மூடியைக் கழற்றினால் விசிறி முழுக்கப் பஞ்சு. தறி ஓடும் வீட்டில் வேறென்ன இருக்கும்? தூசியைத் தட்டி, தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டி ஒன்றைச் சிறியதாகப் போட்டோம். என்னிடம் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின், பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எப்போதும் தயாராக இருக்கும். அதைச் செருகி எஃப்12 அழுத்தினால் பென் டிரைவிலிருந்தே கணினி எழுந்துவிடும். உள்ளே இருக்கும் எதையும் தொடாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று அந்த அம்மா முன்னாலேயே பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் நிறுவினேன். அந்தப் பெண் காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறாள். செய்முறை நோட்டு எழுதுவது, பைத்தான் பழகுவது, வகுப்புகளைக் காணொளியில் பார்ப்பது எல்லாம் இன்று அதே கணினியில்தான். எஸ்எஸ்டி வாங்கியதைத் தவிர அவர்களுக்கு வேறு செலவில்லை.

லினக்ஸ் என்றதும் அது பொறியியல் படித்தவர்களுக்கு என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். மென்பொருளைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் வீட்டுக் கணினிக்காக யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தைப் போன்ற ஒரு கருநிரலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததைத்தான் இன்று உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் வளர்த்துவருகிறார்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் அடித்தளம் அந்த லினக்ஸ் கருநிரல்தான். நம் நாட்டு மாவட்ட நீதிமன்றங்களின் கணினிமயமாக்கலுக்கான இ-கோர்ட்ஸ் திட்டம் லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவை நம்பித்தான் கட்டப்பட்டது. நீதிமன்றத்துக்கு ஆகிவருகிறது என்றால் நம் வீட்டுக்கு ஆகாதா?

என் தொழில் தமிழ்த் தட்டச்சு. ஆகவே தமிழ் எப்படி வருகிறது என்றுதான் நான் முதலில் பார்த்தேன். ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்துவிட்டால் தமிழ்99 விசைப்பலகையும், பழைய தட்டச்சு இயந்திர விசைப்பலகையும் இரண்டுமே கிடைக்கின்றன. பழைய முறையில் கை பழகியவர்கள் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தை உடனே விட வேண்டிய கட்டாயம் இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கோ நான் தமிழ்99தான் சொல்லிக்கொடுக்கிறேன். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே விசைகள். புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். ‘சங்கம்’ என்பதில் ங-வை அடுத்துக் க-வை அடித்தால் அங்கும் புள்ளி தானாக விழும். முதல் முறை இதைப் பார்க்கிற பிள்ளைகளின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி எனக்கு இன்னும் அலுக்கவில்லை. இதற்காகத் தனி மென்பொருள் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸில் ஆவணம் அடிக்கலாம், பிடிஎஃப் எடுக்கலாம்.

எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாமல் தெரிவதற்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்று அறிவித்தது 2010ல். அப்படியிருந்தும் ஆளுக்கொரு பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் எனக்கு இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். இது விண்டோஸின் குற்றமோ லினக்ஸின் குற்றமோ அல்ல. அடிக்கிறவர்கள் மாறாததுதான் குற்றம்.

இன்னொன்று, பென் டிரைவ். விண்ணப்பங்களின் கடைசி நாள் நெருங்கும்போது ஊரில் உள்ள பென் டிரைவ்கள் எல்லாம் ஜெராக்ஸ் கடை ஜெராக்ஸ் கடையாகச் சுற்றி வைரஸைச் சுமந்துகொண்டு வரும். திறந்தால் கோப்புகளைக் காணோம். அவற்றின் பெயரில் குறுக்குவழிகள் மட்டும் நிற்கும். ‘என் சான்றிதழ் எல்லாம் போய்விட்டது’ என்று கண்கலங்கிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். போகவில்லை. பெயரில்லாத ஒரு கோப்புறைக்குள் அவற்றை வைரஸ் ஒளித்துவைத்திருக்கும். அதே பென் டிரைவை லினக்ஸில் செருகினால் அந்தக் கோப்புறை அப்படியே கண்ணுக்குத் தெரியும். நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு அதைச் சுத்தம் செய்து அனுப்புவேன். லினக்ஸுக்கு வைரஸே வராது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள்; அது சரியல்ல. மென்பொருள்களை லினக்ஸ் வகையை வெளியிடுகிறவர்களின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து மட்டுமே நிறுவுவதும், புதுப்பிப்பு வந்தால் உடனே ஏற்றுவதும்தான் பாதுகாப்பு. கள்ள விண்டோஸை எங்கிருந்தோ வந்த, உரிமத்தை ஏமாற்றித் திறக்கும் ‘ஆக்டிவேட்டர்’ கொண்டு ஓட்டுகிற கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறோமே, அதைவிட ஆபத்து வேறில்லை.

எல்லா வேலையும் இதில் நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு எழுதும் டேலி விண்டோஸுக்கானது. கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் அப்படியே. பழைய லேசர் பிரிண்டர்கள் சிலவற்றை இயங்க வைக்கத் திண்டாட வேண்டியிருக்கும். இவற்றையாவது சமாளிக்கலாம். நான் தாங்க மாட்டாமல் எழுதுவது அரசுச் சேவைகளைப் பற்றி. ஆதார் கைரேகைக் கருவிகளுக்கும், சில தளங்களில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்கும் வேண்டிய துணை மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸை மனதில் வைத்தே வருகின்றன. கைரேகைக் கருவி என்றால் ஆண்ட்ராய்டும் சேரும். ஆண்ட்ராய்டுக்கு எழுதித் தரத் தெரிந்த நிறுவனத்துக்கு லினக்ஸ் கணினிக்கும் எழுதித் தருவது பெரிய காரியமல்ல. அப்படித் தர வேண்டும் என்று டெண்டரில் யாரும் கேட்பதில்லை, அதுதான் காரணம்.

கேட்பதற்கு விதி இல்லாமல் இல்லை. லினக்ஸைப் போல யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்காக, மத்திய அரசு 2015ல் திறந்த மூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. மென்பொருளுக்கு டெண்டர் கோரும்போது திறந்த மூல மென்பொருளையும் சேர்த்தே பரிசீலிக்க வேண்டும். அதை ஒதுக்கும் ஒப்பந்ததாரர் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. பத்து ஆண்டுகள் கடந்தும் ஒரு சாதாரணக் குடிமகனின் மேசையில் அந்தக் கொள்கையின் சுவடு தெரியவில்லை.

தமிழகத்துக்கு இதில் முன்னோடி என்ற பெருமை இருந்திருக்க வேண்டும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நம் சென்னையில் இருந்துதான் பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007ல் வெளியிட்டது. 2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டே பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். என் பயிலகத்துக்கு அந்த மடிக்கணினியோடு வந்த மாணவர்களில் பலர், திறக்கும்போது தோன்றும் இரண்டாவது பெயர் என்னவென்றே தெரியாமல் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாராவது வகுப்பறையில் ஒரு மணி நேரம் திறந்து காட்டியிருக்க வேண்டாமா? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடத்தை லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளிலேயே படிக்கிறார்கள். அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நம் ஊரில் பெட்டியை மட்டும் கொடுத்தோம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தருவதாக அறிவித்திருக்கிறார்கள். இம்முறையாவது பயிற்சிக்கு ஒரு தொகையும் ஓர் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும். கற்றுக்கொடுக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. கணியம் அறக்கட்டளை தமிழிலேயே பாடங்களை இலவசமாகத் தருகிறது.

தூக்கிப் போடுகிற கணினி எங்கே போகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதன் பலகைகளில் ஈயம் இருக்கிறது. காயலான் கடைகளில் செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையின் நாற்றம் தெருவுக்கே வரும். தோல் கழிவு பாலாற்றை என்ன பாடுபடுத்தியது என்று வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996ல் தீர்ப்பு வாங்கிய பிறகும் அந்த மண் இன்னும் தேறவில்லை. ஓடுகிற கணினியை ஓட விடுவதே இப்போது நம் கையில் இருக்கும் சுலபமான காரியம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு விண்ணப்பம். அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் விண்டோஸ் 11 ஏறாத கணினிகளைக் கழிவுப் பொருள் என்று பட்டியலிட்டு ஏலத்துக்கு அனுப்பும் முன், லினக்ஸ் ஏற்றி ஓட்டிப் பார்க்க உத்தரவிடுங்கள். அரசுத் தகவல்கள் உள்ள ஹார்ட் டிஸ்க்கை முறைப்படி அழித்துவிட்டு, ஓடுகிறவற்றைக் கிளை நூலகங்களுக்கும் அரசு மாணவர் விடுதிகளுக்கும் கொடுங்கள். ஓடாதவற்றைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படையுங்கள். ஒரு விடுதியில் நான்கு கணினிகள் ஓடினாலும் விண்ணப்பம் போடுவதற்காகப் பிள்ளைகள் பஸ் ஏறி டவுனுக்கு வர வேண்டியிருக்காது.

தட்டச்சுப் பயிலக உரிமையாளர்,
குடியாத்தம்.