கேட்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்: சிறிய நாடுகளை ஆள்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களே, நாடாளுமன்ற உறுப்பினர்களே,

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிக்காமல் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றையொன்று நம்பாத இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே உங்கள் நாடு இருக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "நாங்கள் யார் பக்கமும் இல்லை" என்று ஒவ்வொரு கூட்டறிக்கையிலும் சொல்லி வருகிறீர்கள். அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். பெரியவர்களின் சண்டையில் சிறிய நாட்டு மக்கள் சாகாமல் இருக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. என் கவலையெல்லாம், அந்த அறிக்கைக்குப் பின்னால் உங்களில் பலரிடம் சட்டம் இல்லை, கையிருப்பு இல்லை, உள்ளுக்குள் ஒற்றுமையும் இல்லை என்பதுதான்.

1914 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை பிரஸ்ஸல்ஸில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு ஜெர்மன் தூதர் வந்து பெல்ஜிய வெளியுறவு அமைச்சரிடம் ஒரு கடிதம் கொடுக்கிறார். பிரெஞ்சுப் படை மியூஸ் ஆற்றோரமாக உங்கள் நாட்டுக்குள் வரப் போகிறது, ஆகவே எங்கள் படைக்கு வழி விடுங்கள் என்கிறது கடிதம். வழி விட்டால் போர் முடிந்ததும் வெளியேறிவிடுவோம், நஷ்டஈடும் தருவோம். தடுத்தால் உங்களை எதிரியாகவே நடத்துவோம். பதில் சொல்லப் பன்னிரண்டு மணி நேரம். அன்று இரவே மன்னர் ஆல்பர்ட் தலைமையில் அமைச்சர்கள் கூடினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுப்புக் கடிதம் போய்ச் சேர்ந்தது. 4-ஆம் தேதி ஜெர்மன் படை எல்லையைத் தாண்டியது.

ஒரே இரவில் அவர்களால் முடிவெடுக்க முடிந்ததென்றால், அதற்கான விடை 75 ஆண்டுகளாக எழுத்தில் இருந்ததுதான் காரணம். 1839 லண்டன் உடன்படிக்கை பெல்ஜியத்தை நடுநிலை நாடாக்கி, ஐந்து வல்லரசுகளை அதற்குப் பொறுப்பாக்கியிருந்தது. 1907 ஹேக் உடன்படிக்கையும் தெளிவாக இருந்தது: போரிடும் படைகளை நடுநிலை நாடு தன் மண்ணில் நடமாட விடக் கூடாது, தடுப்பதற்காக ஆயுதம் எடுத்தாலும் அது பகைச் செயல் ஆகாது. நாட்டின் பெரும்பகுதி நான்காண்டுகள் அந்நியர் கையில் கிடந்தது உண்மை. ஊர்கள் எரிந்தன, பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மறுப்பால்தான் பெல்ஜியம் உலகத்தின் கண்ணில் அநீதிக்கு ஆளான நாடாக நின்றது. பிரிட்டன் 4-ஆம் தேதியே போரில் இறங்க அதுவே வெளிப்படையான காரணமானது. வழி விட்டிருந்தால், போரில் யார் வென்றாலும் பெல்ஜியத்தின் சொல்லுக்கு அப்புறம் மதிப்பே இருந்திருக்காது.

இன்று உங்களிடம் யாரும் படை நடத்த வழி கேட்பதில்லை. வேறு மாதிரி கேட்கிறார்கள். ஒரு ஆய்வுக் கப்பல் நான்கு நாள் நிற்கட்டும், ஒரு ராடார் நிலையம் வைத்துக்கொள்கிறோம், துறைமுகத்தைக் குத்தகைக்குக் கொடுங்கள், தொலைபேசி வலையமைப்பை நாங்களே போட்டுத் தருகிறோம். 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 ஆய்வுக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வர முற்பட்டபோது, இந்தியா கவலை தெரிவித்தது. இலங்கை அரசு முதலில் கப்பலின் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னது, பிறகு அனுமதித்தது. இரண்டு பக்கமும் வருத்தம். 2024-இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எதுவுமே ஓராண்டுக்கு வர வேண்டாம் என்று பொதுவாகத் தடை விதித்தார்கள். அந்தத் தடை 2022-க்கு முன்பே இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி! இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது பெரிய நாட்டுக்கு அவமானமாகப் படும். எங்கள் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொன்னால் அந்த அளவுக்குப் படாது. ஆனால் கப்பல் கிளம்பிய பிறகு எழுதுகிற சட்டத்தை யாரும் பொதுச் சட்டமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் மங்கோலியாவிடம் நிறைய கற்கலாம். ரஷ்யா, சீனா தவிர வேறு எல்லையே கிடையாது. 1992 அரசியல் சாசனத்திலேயே, தனிச் சட்டம் இயற்றாமல் அந்நியப் படை நாட்டில் தங்கவும் கூடாது, நாட்டைக் கடந்து போகவும் கூடாது என்று எழுதினார்கள். அதே ஆண்டு அணு ஆயுதமற்ற நாடாக அறிவித்துக்கொண்டு, 2000-இல் அதற்குச் சட்டமும் போட்டார்கள். 2012-இல் ஐந்து அணு ஆயுத வல்லரசுகளும் அந்த நிலையை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. இருபது ஆண்டு பொறுமையான வேலை. அதற்காக நெருக்கடியே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2016 நவம்பரில் தலாய் லாமா வந்து போனதும், சரக்குப் போக்குவரத்துக்குச் சீனா கூடுதல் கட்டணம் விதித்தது. கடைசியில், இனி அவரை அழைக்க மாட்டோம் என்று மங்கோலிய அமைச்சர் சொல்ல வேண்டியதாயிற்று. ஏற்றுமதியில் பெரும்பங்கு ஒரே நாட்டுக்குப் போகும்போது சட்டம் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும்.

நேபாளத்துக்கு 2015-இல் அது புரிந்தது. ஏப்ரலில் நிலநடுக்கம், செப்டம்பரில் புதிய அரசியல் சாசனம், உடனே இந்தியாவோடு உள்ள தெற்கு எல்லையில் சரக்கு நின்றது. எரிபொருள் முழுக்க அந்த ஒரு வழியில்தான் வந்துகொண்டிருந்தது. சமையல் வாயுவும் இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. அடுத்த மார்ச்சில் சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம் போட்டார்கள், ஆனால் இமயமலையைத் தாண்டி மாற்றுப் பாதை ஒப்பந்தத்தோடு வந்துவிடாது. சில மாதங்களுக்கான எரிபொருளும் மருந்தும் தானியமும் கையில் இருந்தால்தான் ஒரு சிறிய நாட்டால் மிரட்டலை நிதானமாகக் கேட்க முடியும். உங்கள் வெளியுறவுக் கொள்கையில் பாதி கிடங்குகளில்தான் இருக்கிறது.

இனி எதிர்க்கட்சிகளுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. இதைக் கசப்போடுதான் எழுதுகிறேன். 1962 ஜூலை 23 அன்று ஜெனீவாவில் லாவோஸின் நடுநிலையை மதிப்பதாகப் பதினான்கு நாடுகள் கையெழுத்திட்டன. அமெரிக்கா, சோவியத் யூனியன், சீனா, வடக்கு வியட்நாம் எல்லோரும் அதில் உண்டு. ஆனால் நாட்டுக்குள் மூன்று அணிகள். நடுநிலை அணியின் சுவன்ன ஃபூமாவும் கம்யூனிஸ்ட் அணியின் சுபானுவோங்கும் ஒரே தந்தைக்குப் பிறந்த இளவரசர்கள். வலதுசாரி அணிக்கு பூன் ஊம். கூட்டணி அரசு அமைத்தார்கள், ஒரு வருடம்கூட ஒழுங்காக நடக்கவில்லை. ஒவ்வொரு அணிக்கும் வெளியே ஒரு புரவலர் இருந்தார். வடக்கு வியட்நாம் படைகள் போகவேயில்லை, தெற்கு வியட்நாமில் நடந்த போருக்கு அவர்கள் ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதை லாவோஸ் காடுகள் வழியாகவே ஓடியது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வெடிக்காத குண்டுகள் இன்றும் வயல்களில் கிடக்கின்றன, குழந்தைகள் கையில் எடுக்கிறார்கள். தேர்தல் செலவுக்கு ஒரு அண்டை நாட்டிடம் நீங்கள் வாங்குகிற பணத்தையும் அதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். நீங்கள் ஒரு புரவலரைத் தேடிக்கொண்டால், உங்கள் எதிர்த் தரப்பு மற்றவரைத் தேடிப் போகும்.

நடுநிலை யாருக்கும் உத்தரவாதம் இல்லை என்பது எனக்கும் தெரியும். கிரிமியாவை ரஷ்யா 2014-இல் எடுத்துக்கொண்டபோது, எந்த ராணுவக் கூட்டணியிலும் சேர மாட்டோம் என்ற 2010-ஆம் ஆண்டுச் சட்டம் உக்ரைனில் நடைமுறையில்தான் இருந்தது. பின்லாந்து பல பத்தாண்டுகள் அந்தப் பாதையில் நடந்து, 2023-இல் நேட்டோவில் சேர்ந்தது. அதை நான் கோழைத்தனம் என்றோ துரோகம் என்றோ சொல்ல மாட்டேன். பனிப்போர்க் காலம் முழுக்கக் கட்டாய ராணுவப் பயிற்சியையும் நாடாளுமன்றத்தையும் அவர்கள் கைவிடவில்லை. அதனால்தான் காலம் மாறியபோது எந்தப் பக்கம் போவது என்பதைத் தாங்களே தீர்மானிக்க முடிந்தது. 1961-இல் மாஸ்கோவிலிருந்து வந்த ஒரு ராஜதந்திரக் குறிப்பைத் தொடர்ந்து பின்லாந்தில் ஒரு வேட்பாளர் அதிபர் தேர்தலிலிருந்து விலகினார் என்பதையும் மறைக்க வேண்டாம். அந்த விலையைக் கொடுக்க நேர்ந்தால், மக்களுக்குத் தெரிந்து கொடுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வெளிநாட்டுப் போர்க்கப்பல், ஆய்வுக் கப்பல், ராணுவ விமானம், கண்காணிப்புக் கருவி எதுவாக இருந்தாலும் இரண்டு அண்டை நாடுகளுக்கும் ஒரே விதியாக ஒரு சட்டத்தை, எந்தக் கோரிக்கையும் மேசையில் இல்லாத இந்த அமைதியான நேரத்திலேயே நிறைவேற்றுங்கள். எரிபொருள், மருந்துக் கையிருப்புக்கு வரும் பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்குங்கள். கட்சிகளுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தைத் தடை செய்யும்போது உங்கள் கட்சிக்கு விலக்கு வைக்காதீர்கள். இரு நாடுகளோடும் இதுவரை கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தங்களை, குறைந்தபட்சம் நாடாளுமன்றக் குழுவின் முன்பாவது, அடுத்த கூட்டத்தொடருக்குள் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நடுநிலை நிலைக்க வேண்டும் என்று விரும்பும் ஒருவர்