ஏணியை விட்டு இறங்கு

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

நீ திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் எழுதாமல் இருந்தது பிழைதான். வாட்ஸ்அப்பில் கை கூப்புகிற படம் அனுப்புவதெல்லாம் கடிதக் கணக்கில் சேராது என்று நீ சொன்னதும் சரிதான். இங்கே எல்லோரும் சுகம். இவளுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. மகன் வழக்கம்போல் போன் எடுப்பதில்லை. சுகம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயம்.

நீ அனுப்பிய படத்தாலும், வெட்டும் வாள், கொப்பு, பலா, புதுக் கன்று என்று அதோடு நீ கேட்ட கேள்விகளாலும்தான் இந்தக் கடிதம். ஏணியின் உச்சிப் படியில் சாரத்தோடு நிற்கிறாய். ஒரு கையில் புதுச் செயின் சோ வாள், மற்றக் கையில் பலாக் கொப்பு, முகத்தில் பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டு வருகிற அந்தப் பழைய சிரிப்பு. இருபத்தெட்டு வருஷம் ஸ்காபரோவில் பனி தள்ளிய ஆள், நீர்வேலிக்கு வந்து இரண்டு மாதத்தில் மரம் தறிக்கிறவர் ஆகிவிட்டார் என்று எங்கள் கூட்டாளி தண்டவாளம் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான்.

எங்கள் பின்வளவு மாமரம் உனக்குத் தெரியும். அம்மா பால்மா ரின்னுக்குள் கன்றை வைத்து, யாழ்தேவியில் மடியில் ஏந்திக்கொண்டு வந்தது. கறுத்தக்கொழும்பானைக் கொழும்புக்கே கொண்டுவந்த ஒரே மனுஷி என்று உன் அப்பா பகிடி பண்ணுவாரே, அந்த மரம். இந்த வருஷம் உனக்கு ஏன் மாம்பழப் பெட்டி வரவில்லை என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் சாய்ந்து ஐந்து பேர் செத்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு கொழும்பில் மரத்தை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் பயத்தோடுதான் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான். எங்கள் கொப்பு ஒன்று அவருடைய தகரக் கூரைக்கு மேலே நீண்டிருந்தது, என் தொடை மொத்தம் வரும். போன ஐப்பசியில் பெரியத்தான் எங்கேயோ ஒரு செயின் சோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எனக்கும் ஒரு வாய் இருந்தது, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் மேலே இருந்து கீழே வெட்டினார். பாதிக்கு மேல் போகவில்லை, கொப்பு தன் பாரத்திலேயே முறிந்தது. முறிந்து விழவில்லை, உரித்துக்கொண்டு இறங்கியது. வாழைமடல் கிழிகிற மாதிரி, அடிமரத்தில் மூன்று அடி நீளத்துக்குப் பட்டை போய்விட்டது. அடித் துண்டு ஊஞ்சல்போல் ஆடி ஏணியை அடித்தது. நான் ஒரு பக்கம், ஏணி ஒரு பக்கம், செயின் சோ கறிவேப்பிலைச் செடிக்குள். அத்தான் மேல் கொப்பில் தொங்குகிறார், சாரம் அவருடன் இல்லை. மாம்பால் பட்டுக் கழுத்தெல்லாம் பொக்களம் வேறு, ஒரு கிழமை அவரால் சேர்ட் போட முடியவில்லை.

ஒழுங்கை முகப்பில் செவ்விளநீர் விற்கிறவர்தான் ஓடிவந்து அவரை இறக்கினார். குளியாப்பிட்டிப் பக்கத்து ஆள், தென்னந்தோட்டத்தில் வளர்ந்தவர். மரத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மஹத்தயா, முலின் யட்டின்!" முதலில் கீழே இருந்து. பிறகு என் கைவாளை வாங்கி அடுத்த கொப்பில் செய்து காட்டினார். அடிமரத்தில் இருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கொப்பு சத்தமில்லாமல் விழுந்தது, ஒரு நார்கூடப் பட்டையில் இழுபடவில்லை. கடைசியாக மிஞ்சிய கட்டையை மட்டும் தனியாக அரிந்தார். அதிலும் அடிமரத்தோடு ஒட்ட வெட்டவில்லை. கொப்பு மரத்தோடு சேருகிற இடத்தில் கழுத்து மடிப்பு மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், அதைத் தொடாமல் அதற்கு வெளியே. "இதை வெட்டினால் வாயை மூட மரத்துக்கு உதடு இல்லை" என்றார்.

அத்தான் அதோடு விடவில்லை. அடுத்த நாள் காயத்துக்குத் தார் பூசினார். பூசினால் பூச்சி வராது, மழைத்தண்ணீர் இறங்காது என்று நாங்கள் சின்ன வயதில் இருந்து நம்பியதுதானே. தை மாதம் பார்த்தால் தார் வெடித்து, உள்ளே இருந்து கறுப்புத் தண்ணீர் கசிகிறது, எறும்பு சாரி சாரியாகப் போகிறது. அப்போதுதான் இரவிரவாக இருந்து வாசிக்கத் தொடங்கினேன். (மரத்தையே கட்டியிருக்கலாமே என்று இவள் கேட்கிறாள்.) அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒரு ஆள் இருந்திருக்கிறார். ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தவர். அவர் சொல்வது இவ்வளவுதான்: காயத்துக்குப் பூசுகிற எதுவும் உக்கலைத் தடுக்காது. எங்கள் தோல் மாதிரி மரம் பழையதைச் சுகப்படுத்துவதில்லை, கெட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதற்கு மேல் புதிதாக வளர்ந்துகொண்டு போகிறது. அந்தச் சுவர் எழும்பத் தொடங்குகிற இடம்தான் செவ்விளநீர்க்காரர் தொடாதே என்ற தடிப்பு.

நான் நம்பியது அதை வாசித்ததால் அல்ல. விழுந்த கொப்பை விறகுக்குத் துண்டுபோட்டபோது, ஒரு துண்டின் முகத்தில், நடுவுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவு கரி. அதைச் சுற்றி நல்ல மரம், வெளியே நல்ல பட்டை. கொப்பை வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 83 ஆடியில் அடுத்த வீடு எரிந்தபோது அந்தப் பக்கம் கருகியதே, நீயும் நானும் முகாமில் இருந்து திரும்பி வந்து பட்டையைச் சுரண்டிப் பார்த்தோமே, அதுதான். அந்தத் துண்டை அடுப்புக்குக் கொடுக்கவில்லை. மேசையில், இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, உன் கேள்விகள். செயின் சோவை விற்கச் சொல்லவில்லை. விழுந்து கிடக்கிற மரத்தை நிலத்தில் நின்று இரண்டு கையாலும் பிடித்து அறு, யார் வேண்டாம் என்றது. ஏணியில் வேண்டாம். வாளின் மூக்கு நுனியின் மேல்பாதி எதிலாவது முட்டினால் அது உன் முகத்துக்குத்தான் திரும்பி வரும், ஒரு கையால் அதை நிறுத்த எவனாலும் ஏலாது. தூள் மாவாகப் பறந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது, செதிலாக விழவேண்டும். உன் சங்கிலியைத் தீட்ட 4 மில்லிமீற்றர் அரமா 4.8ஆ என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், அதையாவது வாசி. செயின் சோவைப் பொலிஸில் பதிந்தாயா?

கொப்புக்குக் கைவாள் போதும். பழைய சோனகத் தெருவில் வளைந்த இழுப்பு வாள் ஒன்று வாங்கினேன். இழுக்கும்போதுதான் வெட்டும், தள்ளும்போது சும்மா விடவேண்டும். எங்கள் கை தள்ளிப் பழகியது, முதல் நாள் அதோடு சண்டைதான். இப்போது மணிக்கட்டு மொத்தக் கொப்பு ஒரு நிமிஷம்கூட நிற்காது. ஐப்பசியில் மாவை வெட்டியதும் எங்கள் மடத்தனம்தான். முற்றிய நுனியில்தானே பூ வரும். பழம் முடிந்த கையோடு, மழைக்கு முன் வெட்டு.

பலாவைத் தறிக்கிற எண்ணம் இருந்தால் நிறுத்து. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இன்னும் இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் சொந்தக் காணியிலும் அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது. கிராம சேவகரிடம் போய்க் கேள். பாணந்துறையில் ஆர்தர் டயஸ் என்று ஒருவர், 1915 கலவரத்தில் சிறைக்குப் போனவர், பிறகு ஊர் ஊராகப் பலா நடச் சொல்லித் திரிந்து 'கொஸ் மாமா' என்றே பெயர் வாங்கினார் (கொஸ் என்றால் சிங்களத்தில் பலா). உன் அப்பா நட்டதைத் தறித்தால் உனக்கு என்ன பெயர் வரும் என்று தண்டவாளம் யோசித்து வைத்திருப்பான்.

புதுக் கன்றுக்கு மூன்று அடிக் குழி, அடியில் தேங்காய்ப் பொச்சு, ஒட்டு மண்ணுக்கு மேலே. கல் தட்டினால் அலவாங்கோடு நீ தனியாக மல்லுக்கட்டாதே, இடத்தை மாற்று.

அடுத்த மாதம் இரண்டாம் கிழமை ரயிலில் வருகிறேன். வாள் என்னோடு வரும். ஏணியை மாட்டுக் கொட்டிலில் படுக்கப்போடு, அது என் கண்ணில் நின்றபடி படக்கூடாது. அம்மாவின் மரத்தில் இந்த முறை பதினேழு காய், அதில் ஐந்தை வைக்கோலுக்குள் வைத்திருக்கிறேன், உனக்கு.

உன்,
நெட்டையன்

பி.கு.: அத்தானின் சாரக் கதை உனக்கு மட்டும். தண்டவாளத்திடம் போனால் அவர் இனி எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டார். யோசித்துப் பார்த்தால், சொன்னாலும் பரவாயில்லை.