2015ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், கனடாவின் ராக் இசைக்குழுவான ரஷ்ஷைக் கேட்கும் தமிழர்களாகிய நாம் கடந்த ஆண்டு பதினொரு முறை கூடினோம். பெப்ரவரிக் கூட்டத்தைப் பனி விழுங்கிவிட்டது. மற்றவை வழக்கம்போல உபதலைவர் வீட்டு பேஸ்மென்டில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ரோல்ஸ் சிற்றுண்டிச் செலவு ஏன் கூடியது என்று என்னைக் கேட்க வேண்டாம்.

மார்ச் மாதக் கூட்டத்தை மட்டும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். 1981இல் வந்த 'ஒய் ஒய் செட்' என்ற பாட்டில்லா இசையை நமது மிருதங்க மாஸ்டர் அன்று பிரித்துக் காட்டினார். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் குறியீடான அந்த மூன்று எழுத்துகளைத் தந்தி மொழியில் அடித்தால் வரும் ஒலியே அதன் தொடக்கம். மாஸ்டர் அதை நெடில், குறிலாக எழுதினார்: நெடில் குறில் நெடில் நெடில், மறுபடியும் அதுவே, பிறகு நெடில் நெடில் குறில் குறில். ஏழு, ஏழு, ஆறு. ஆக இருபது மாத்திரை. மேசையில் கையால் தட்டிக்கொண்டே, "இது நாங்கள் வந்து இறங்கிய இடத்தின் பெயர்" என்றார். அமெரிக்காவின் பஃபலோ எல்லை வழியாக வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி எல்லோரும் காத்திருக்கும் விடயம்.

ரஷ் குழுவின் நாற்பதாண்டுச் சுற்றுப்பயணமான 'ஆர் 40' மே 8ஆம் திகதி டல்சாவில் தொடங்கி, 35 நிகழ்ச்சிகளுடன் ஆகஸ்ட் 1ஆம் திகதி லாஸ் ஏஞ்சலஸில் நிறைவுற்றது. நமது ஊரில் ஏர் கனடா சென்டரில் இரண்டு இரவுகள்: ஜூன் 17 புதன், ஜூன் 19 வெள்ளி. சங்கத்தின் சார்பில் புதன்கிழமைக்கு டிக்கெட் வாங்கியவன் நான். வெள்ளி என்றால் சிலருக்குக் கோவில், சிலருக்கு இரவு வேலை என்று நினைத்தேன். வெள்ளியன்று பென் மிங்க் வயலினுடன் மேடைக்கு வந்து 'லூசிங் இட்' வாசித்தார். 1982இல் அந்தப் பாட்டின் ஒலிப்பதிவில் வாசித்தவரும் அவரே. அதற்கு முன் குழு அதை எந்த மேடையிலும் வாசித்ததில்லை. ஆட முடியாமல் போகும் நடனக்காரியையும் எழுத முடியாமல் போகும் எழுத்தாளனையும் பற்றிய பாட்டு அது. சொந்தச் செலவில் வெள்ளிக்கும் போன இரண்டு அங்கத்தவர்கள் அதன் பிறகு நம்முடன் பேசும் தொனியே வேறு.

பாட்டுகளை இரவுக்கு இரவு மாற்றுவார்கள் என்பது டல்சாவிலிருந்தே தெரிந்த செய்தி என்று ஜூலைக் கூட்டத்தில் என்னைக் குற்றம் சாட்டினார்கள். உண்மைதான். ஆனால் எந்த இரவில் எது வரும் என்று செயலாளருக்கு யார் வந்து சொல்வார்கள்?

பாட்டு வரிசையைப் பற்றிய விவாதம் மூன்று கூட்டங்களைத் தின்றது. ஆற்றில் எதிர்நீச்சல் போடுவதுபோல ரஷ் குழுவினர் 2012இன் பாட்டுகளில் தொடங்கி, ஆண்டுகளைப் பின்னோக்கிக் கடந்து, 1974இன் 'வொர்க்கிங் மேன்' பாட்டில் முடித்தார்கள். மேடையும் கூடவே பின்னோக்கிப் போனது. சிவப்பு உடுப்புப் பணியாளர்கள் பாட்டுக்கிடையே வந்து பொருட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம், நாற்காலி மேல் ஒலிபெருக்கி. குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் இடைவேளைக்குப் பிறகு எழுபதுகளின் பாணி டிரம்ஸுக்கு மாறினார். 1980க்குப் பிறகு வாசிக்கப்படாத 'ஜேக்கப்ஸ் லேடர்' வந்தபோது என் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்றவர் கடைசிவரை உட்காரவில்லை. இப்படி ஒரு வரிசையை அமைக்கத் துணிவு வேண்டும். வீட்டைக் கட்டிக் காட்டுவோர் உண்டு, அத்திவாரம்வரை பிரித்துக் காட்டுவோர் அபூர்வம். என் கட்சி அது.

எதிர்க் கட்சி நமது மூத்த அங்கத்தவர் ஒருவர். அவர் 1987இல் இங்கே வந்தவர். முதல் சம்பளத்தில் வாங்கிய கசெட் அந்த ஆண்டு வெளிவந்த 'ஹோல்ட் யுவர் ஃபயர்'. இந்தச் சுற்றுப்பயணத்தில் 1991இன் 'ரோல் த போன்ஸ்' முடிந்ததும் நேராக 1984க்குப் போய்விட்டார்கள். 1985, 1987, 1989 ஆண்டுகளின் மூன்று இசைத்தட்டுகளிலிருந்தும் ஒரு பாட்டுகூட இல்லை. "என்னுடைய தரிப்பிடத்தில் பஸ் நிற்கவில்லை, தம்பி" என்றார் அவர். நான் வரிசையின் அழகைச் சொல்லிப் பார்த்தேன். நேரப் பற்றாக்குறை, பாடும் குரலின் வயது எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "நிற்கவில்லை" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. நம்மில் பாதிப்பேர் இந்த நாட்டுக்கு வந்த ஆண்டுகள் அவை.

இளைய அங்கத்தவர்களுக்கு இந்தக் குறை இல்லை. 'சப்டிவிஷன்ஸ்' பாட்டின் காணொளி எடுக்கப்பட்ட லாமரோ உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் நம்மிடையே மூவர். பாட்டு தொடங்கியதும் ஏதோ சொந்தக் கல்யாண வீடியோபோல ஒருவரையொருவர் தட்டிக்கொண்டார்கள்.

இந்த மேடை நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு நவம்பர் 20ஆம் திகதி வெளிவந்தது. இரண்டு இரவுகளிலும் எடுத்தது என்பதால் அதில் பென் மிங்க்கும் இருக்கிறார். அடுத்த ஞாயிறு பேஸ்மென்டில் போட்டோம். வெள்ளிக்குப் போன இருவரும், தாங்கள் ஏற்கெனவே பார்த்ததை முன்வரிசையில் அமர்ந்து பார்த்தார்கள். வயலின் முடியும்வரை ரோல்ஸ் தட்டில் ஒரு கையும் படவில்லை. தன் மகள் பள்ளித் தோழர்களிடம் தன்னை ஓய்வுபெற்ற டிரம்மர் என்று அறிமுகப்படுத்துவதாக நீல் பியர்ட் ஒரு இதழுக்குச் சொன்னது அதற்குப் பிறகு டிசம்பரில். அதைக் கேட்டபின் 'லூசிங் இட்' பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டிருக்கிறது: எந்த இரவுக்கு டிக்கெட் வாங்குவது என்பதைச் செயலாளர் தனியே முடிவு செய்யக் கூடாது, வாக்கெடுப்பு நடத்த வேண்டும். முன்மொழிந்தவர் 1987இல் வந்த அந்த அண்ணன். வழிமொழிகிறவன் நான்.

இங்ஙனம்,
செயலாளர்