சாவியைத் தொலைத்தது என் அம்மா அல்ல

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையாளர் அவர்களுக்கும் நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பூங்கா விஷயம்தான். மூன்று மனுக்கள், ஐம்பத்திரண்டு கையெழுத்துகள், "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில், எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. காலை 5 முதல் 8 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று வாசல் பலகையில் எழுதி வைத்தவர்களும் நீங்கள்தான். மாலையில் திறக்கிறது. காலையில் பூட்டுத் தொங்குகிறது. கேட்டால் காவலாளி இல்லை என்கிறார்கள். இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை நடந்தது எழுத வைத்துவிட்டது.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நான்கு வருடமாக மறதி நோய். நாற்பது வருடம் விசைத்தறிக்கு நூல் தார் சுற்றியவர், பாவு இழை பிணைத்தவர். மின்சாரம் போன இருட்டிலும் அறுந்த இழையைக் கையாலேயே கண்டுபிடித்து முடிபோட்டுவிடுவார். இப்போது சேலைத் தலைப்பில் நூலைப் பிரித்துப் பிரித்து முடிபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பகலெல்லாம் கண் சொக்கும், இரவெல்லாம் விழிப்பு. மருத்துவர் மாத்திரையைக் கூட்டவில்லை. "காலை வெயில் மேலே படும்படி தினமும் நடக்க வையுங்கள், பகல் தூக்கத்தைக் குறையுங்கள், இரவு கொஞ்சம் சீராகலாம்" என்றார்.

எங்கள் வீதியில் எங்கே நடப்பது? நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒருபக்கம், நாய்கள் மறுபக்கம். அதனால் செவ்வாய் காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பூட்டு. அம்மா அந்தப் பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தார். திருப்பிச் சாவித் துளையைத் தடவினார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். இரண்டு கொட்டைப்பாக்கு, ஒரு ரூபாய்க் காசு, ஓர் ஊக்கு. "சாவியைத் தொலைத்துவிட்டேன் கண்ணு. உன் அய்யன் வந்தால் வைவார்" என்றார். அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அம்மாவின் கணக்கில் அது எங்கள் பழைய தறிக்குடோன் பூட்டு.

அன்று இரவு மூன்று மணி வரை சாவியைத் தேடினார். அரிசி டிரம்மில், தலையணைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால். விளக்கிச் சொல்வதைவிடக் கூடத் தேடுவது சுலபம் என்பதால் நானும் தேடினேன். சாவி நகராட்சி அலுவலகத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஐயா, உங்கள் பூட்டுக்கு என் அம்மா பழி சுமக்கிறார். காலை ஐந்து மணிக்குப் பூங்காவைத் திறந்துவிடுங்கள்.

நடை அம்மாவின் நோயை மாற்றிவிடாது என்பது எனக்குத் தெரியும். நான் எனக்காகவும்தான் கேட்கிறேன். எனக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருடம் ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட் என்று தறி ஓட்டியவன். பிரிட்டனில் ஏறத்தாழ 8,000 பேரை 25 வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. ஐம்பது வயதிலிருந்து எழுபது வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகம் என்று அதில் கண்டார்கள். தூக்கக் குறைவுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த 8,000 பேரும் அரசு அலுவலர்களாக வேலையில் இருந்தவர்கள் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

தூங்கத்தான் இடம் எங்கே? குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. விதியை யாரோ தறி ஓடாத ஊரில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். தறியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அதில்தான் நானும் சாப்பிட்டேன். அந்தச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. காது மந்தமும் மறதி நோய்க்கு வழி என்று 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு வெளியிட்ட 14 காரணங்களின் பட்டியலில் இருக்கிறது. போன காது திரும்பாது. கால் இன்னும் இருக்கிறது.

நடையைப் பற்றியும் கணக்கு இருக்கிறது. பிரிட்டனிலேயே 78,000 பேரின் காலடிகளை மணிக்கட்டுக் கருவியால் எண்ணிப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு 3,800 காலடி நடந்தவர்களிடமே மறதி நோய் வாய்ப்பு 25 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. நம் பூங்காவின் நடைபாதை ஒரு சுற்று 250 மீட்டர். என் நடைக்கு நானூறு காலடி. பத்துச் சுற்றுப் போதும். அதைத்தான் கேட்கிறோம்.

பூட்டின் புண்ணியத்தில் நாங்கள் இருபது பேர் விடியற்காலையில் பைபாஸ் ஓரமாக நடக்கிறோம். லாரிக்காரர்கள் முகத்தில் விளக்கடித்துக் காலை வணக்கம் சொல்கிறார்கள். உடற்பயிற்சி இல்லாமையைப் போலவே தலையில் அடிபடுவதும் அதே லான்செட் பட்டியலில் இருக்கிறது. ஒன்றிலிருந்து தப்பிக்க இன்னொன்றின் ஓரமாக நடக்கிறோம். மாநில அரசு 2023இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. கோவை ரேஸ்கோர்ஸில் விடியும் முன்னே கூட்டம் நடக்கிறது. இங்கே திறப்பு விழாக் கல்வெட்டில் பதினான்கு பெயர்கள். உள்ளே நிறுத்திய உடற்பயிற்சிக் கருவிகளில் காலையில் காகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்காவது ஆரோக்கியம் கூடட்டும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காவலாளியைப் போடுங்கள் என்றுகூட இனி கேட்கவில்லை. எங்களில் நான்கு பேர் முறை வைத்துக் காலை ஐந்து மணிக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்கிறோம். ஏதாவது உடைந்தால் நாங்கள் பொறுப்பு என்று எழுதியும் தருகிறோம். சாவியை வாங்க எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து ஒரு வரி தெரிவியுங்கள். அம்மாவையும் அழைத்து வருகிறேன். சாவி கிடைத்துவிட்டது என்று அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நகரத்து விசைத்தறிக்காரன் ஒருவன்