"என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டவருக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பாவுக்கு வந்திருப்பது டிபி இல்லை, ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய் என்று தெரிந்து ஒரு மாதம் ஆகிறது. அதைக் கண்டுபிடிக்க உதவியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு நன்றி சொன்னேன். மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த மடல்.

மூன்று வருடமாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு. நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். சளியில் கிருமி எதுவும் இல்லை. ஆனாலும் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்தோம், பேரனைத் தூக்க விடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

முதல் நன்றி, அரசு மருத்துவமனை நெஞ்சகப் பிரிவு டாக்டரம்மாவுக்கு. "ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க ஐயா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனி, 1986 முதல் 2011 வரை, அதில் பாதிக் காலம் கல்நார் மூட்டையைக் கிழித்துக் கொட்டுகிற இடம் என்றார் அப்பா. உடனே சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகின் அடிப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மூச்சை இழுத்து முடிக்கும்போது என்ன சத்தம் கேட்கிறது என்று எனக்குப் புரிய வைக்க, பிபி பார்க்கும் பட்டையை என் காதோரம் மெல்லப் பிரித்துக் காட்டினார். அந்தச் சரசரப்புதான் அப்பாவின் நுரையீரலுக்குள். கல்நார்த் தூசி உள்ளே போய் 20, 30 வருடம் கழித்துத்தான் தழும்பு வெளியே தெரியும், அதனால்தான் பழைய வேலையைக் கேட்காமல் இந்த நோயைப் பிடிக்க முடியாது என்றார்.

அடுத்து, சி.டி. எடுத்த தம்பிக்கு. மல்லாந்து படுத்தால் நுரையீரலின் பின்பக்கம் அழுந்தி, அதுவே நிழல் மாதிரி தெரியுமாம். குப்புறப் படுத்தும் நிழல் போகாவிட்டால்தான் அது தழும்பு. அப்பாவால் குப்புறப் படுக்க முடியவில்லை. அந்தத் தம்பி பக்கத்தில் மண்டியிட்டு, "என்னோட சேர்ந்து மூச்சு விடுங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி, மூன்றாவது தடவையில் எடுத்து முடித்தார். நிழல் அப்படியே இருந்தது. நுரையீரல் உறையில் சுண்ணாம்புத் திட்டுகளும் இருந்தன.

அப்புறம், அப்பாவோடு ஷிப்ட் பார்த்த மாமாவுக்கு. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் மருத்துவப் பதிவுகளை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியிருக்கிறது. கேட்டுப் போனால் கம்பெனியில் எதுவும் இல்லை என்றார்கள். மாமாதான் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாம் எடுத்துவந்து, அப்பா எந்தப் பிரிவில் இருந்தார் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். எல்லாம், இது வேலையால் வந்த நோய்தானா என்று பார்க்கும் மருத்துவக் குழுவுக்குப் போயிருக்கிறது.

தழும்பு ஆறாது, தெரியும். ஆனால் இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். பீடியையும் விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் தினமும் அவருடைய தூசி படிந்த சட்டையை உதறித் துவைத்த அம்மாவையும் டாக்டரம்மா மறக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

கம்பெனியில் அப்பா இருந்த பிரிவில் வேலை பார்த்தவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், முதலில் அதைச் சொல்லுங்கள். மாமாவுக்கும் வரும் செவ்வாய்க்கிழமை சி.டி. இருக்கிறது. இந்தத் தடவை நாங்கள் அவர்கூடப் போகிறோம்.

அன்புடன்,
மகள்