அப்பாவுக்கு: இங்கேயும் சாரம்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. போன கடிதத்துக்கே நான் பதில் போடவில்லை என்று அம்மா கடைசி வரியில் சேர்த்திருக்கிறாள். தப்பு என்னுடையதுதான்.

“இருட்டறையில் உட்கார்ந்து அப்படி என்னதான் பார்க்கிறாய்?” என்று கேட்டிருந்தீர்கள். சாரம்தான் பார்க்கிறேன் அப்பா. நீங்கள் கட்டடத்தைச் சுற்றிக் கம்பும் கயிறுமாகக் கட்டுவீர்களே, அதுபோல மூளைக்குள் கட்டிய சாரம். அதைக் கட்டியிருக்கும் புரதங்களுக்கே சாரப் புரதம் என்றுதான் பெயர்.

ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் சேதி சொல்லும் இடம் சினாப்ஸ். இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை, நடுவே சுமார் 20 நானோமீட்டர் சந்து (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). தூண்டிவிடும் வகை சினாப்ஸில், சொல்லும் செல் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை விடும். கேட்கும் செல்லின் கிளையில் பெரும்பாலும் காளான் மாதிரி ஒரு குட்டி முள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தலைதான் வாங்கிக்கொள்ளும். அந்தத் தலையில், செல்லின் மேல்தோலான சவ்வுக்கு நேர் கீழே, 30 முதல் 50 நானோமீட்டர் கனத்தில் ஒரு தட்டு. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கறுத்த பட்டையாகத் தெரியும். சாரம் இருப்பது அங்கேதான்.

மேலிருந்து சொல்கிறேன், உங்களுக்குப் பிடிபடும். சவ்வை ஒட்டி முதலில் பிஎஸ்டி-95 என்ற புரதம். ஒரு சினாப்ஸில் சுமார் 300 இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொழுப்பு வாலால் சவ்வில் தொற்றிக்கொண்டு, குளூட்டமேட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. அதற்கும் கீழே ஷாங்க், ஹோமர் என்ற புரதங்கள் வலை பின்னினாற்போல் இருக்கும். அவற்றை மேல் அடுக்கோடு கட்டிப்போடும் கயிறு ஜிகேஏபி என்ற இன்னொரு புரதம். அடியில் முள்ளைத் தாங்கும் ஆக்டின் இழைகள். சேதியை அடக்கும் வகை சினாப்ஸில் இந்தக் கூட்டம் இல்லை. அங்கே ஜெஃபைரின் என்று வேறு ஆள்.

வேலை முடிந்தால் நீங்கள் சாரத்தைப் பிரித்துவிடுவீர்கள். இதைப் பிரிப்பதே இல்லை. ஒவ்வொரு மூலக்கூறாகக் கழன்று புதிது வந்து சேரும், சாரம் அப்படியே நிற்கும். ஒரு கம்பை உருவிவிட்டு, கட்டு அசையாமல் அதே இடத்தில் இன்னொரு கம்பைச் செருகுவீர்களே, அதுபோல. முதன்முதலாகப் படித்தபோது உங்கள் கைதான் கண்ணில் வந்தது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்பது உங்கள் அடுத்த கேள்வி. ஷாங்க் புரதத்தில் ஒரு வகையைச் செய்யும் ஷாங்க்-3 மரபணுவில் பழுது வந்தால் சில குழந்தைகளுக்குப் பேச்சு வருவதே கஷ்டம்; ஆட்டிசத்தோடும் அதற்குத் தொடர்பு உண்டு. இது சின்ன விஷயமில்லை அப்பா.

பக்கத்து மேசைக்காரர் விசித்திரமான மனிதர். அறையில் எந்தப் பொத்தானில் பொட்டு வெளிச்சம் எரிந்தாலும் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செல்களிடம் மெதுவாகப் பேசுவார். எனக்கும் ஒரு ஸ்வெட்டர் கொடுத்திருக்கிறார். மைக்ராஸ்கோப்புக்காக அறையைக் குளிராகவே வைத்திருப்பார்கள். வெளியே அதைவிடக் குளிர். பேச்சுத் துணைக்கு அவர் இருக்கிறார், அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். உதவித்தொகை இந்த மாதம் கொஞ்சம் தள்ளிப்போகிறது. எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. அனுப்புவது மட்டும் அடுத்த மாதம்.

நேற்று ராத்திரி திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு சினாப்ஸ். நல்ல படம். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று திரும்பினேன், மணி இரண்டு. நீங்கள் மேலே நின்றுகொண்டு “கயிறைக் கொடுடா” என்று கேட்கும் குரல் அப்படியே காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் படத்தைப் பார்க்க முடியவில்லை.

சரி. சித்தப்பா பின்சுவர் விஷயமாகக் கேட்டால், பத்திரத்தைப் பெரிய அத்தை படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தம்பி கல்லூரிக்கு எழுதிப்போட்டானா? முட்டி வலியோடு இனி நீங்கள் மேலே ஏற வேண்டாம். முருகேசனை ஏறச் சொல்லுங்கள், நீங்கள் கீழே நின்று கட்டு சரியா என்று மட்டும் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்